பாக்கின் இசையும் நம் தோட்டத்துத் தப்பும்

மேனாட்டுச் சங்கீதத்தைப் பற்றி எழுதும்படி மாணவ நண்பர் சிலர் நம்மைப் பலமுறை கேட்டதுண்டு. 'பரோக் இசை' என்ற தொடர் நூல்களிலும் வானொலியிலும் அவ்வப்போது காதில் விழுகிறது; அஃது யாது, எக்காலத்தது, யாருடையது என்பன தெளிவாக விளங்கவில்லை என்பது அவர்கள் குறை. ஆகவே இவ்வாரம் அவ்விசையையும், அதன் கருவிகளையும், அதன் சிகரமெனப் போற்றப்படும் யொகான் செபஸ்தியன் பாக் என்னும் ஜேர்மானியரையும் பற்றிச் சிறிது கூறுவோம். அவரைப் பற்றிக் கூறப் புகுந்தால் நம் ஊவா மலைத் தோட்டங்களில் ஒலிக்கும் தப்பைப் பற்றியும் கூறாமல் இருக்க முடியவில்லை. இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று வியப்படையும் நேயர்கள் சற்றே பொறுத்தருள்வார்களாக.

கோணல் முத்து

உருண்டை வடிவம் பெறாது கோணலாகப் போன முத்தினைப் போர்த்துக்கேயர் தம் மொழியில் 'பரோக்கோ' என்றனர். அதிலிருந்தே 'பரோக்' என்ற சொல் பிறந்தது என்பர் அறிஞர். மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைத் தம் ஆணைக்குள் வைத்திருந்தவரும் அதே போர்த்துக்கேயரே. அலங்காரம் மிகுந்த ஒருவகைக் கலையைப் பிற்காலத்தார் இகழ்ந்து, 'இது கோணல் முத்து' என்று பழித்தனர். காலப்போக்கில் பழிப்பு மறைந்தது. பெயர் மட்டும் நிலைத்தது. இன்று ஏறத்தாழ 1600 ஆம் ஆண்டு முதல் 1750 ஆம் ஆண்டு வரையுள்ள ஐரோப்பிய இசையை இப்பெயராற் குறிக்கின்றனர்.

அக்காலத்தில் நம் நாடு எந்நிலையில் இருந்தது என்பதையும் ஒப்பிட்டு நோக்கினால் மாணவர்க்கு வரலாறு எளிதில் மனத்திற் பதியும். 1630 ஆம் ஆண்டு போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தினோ த சா பெரும் படையுடன் ஊவாவுக்குள் புகுந்து பதுளையைத் தீயிட்டான். மீளும் வழியில், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள ரந்தெனிவெலையில் கண்டியர் சேனையால் வளைக்கப்பட்டு மாண்டான். பதுளை எரிந்த அந்நாளில் இத்தாலிய நாட்டு வெனிஸ் நகரிலே, புனித மாற்கு தேவாலயத்தில், மொன்தெவெர்தி என்னும் பேரறிஞர் இசைத் தலைவராக வீற்றிருந்தார். 1607 ஆம் ஆண்டு 'ஓர்பெயோ' என்ற இசை நாடகத்தை அமைத்துப் புதிய காலத்துக்கு வாயில் திறந்தவர்களுள் அவர் தலையாயவர். தஞ்சையிலே வேங்கடமகி என்பார் 'சதுர்தண்டிப் பிரகாசிகை' எழுதி 72 மேளங்களை வகுத்ததும் அந்நூற்றாண்டிலேதான். பின்னர் ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். 1739 இல் கண்டியின் அரியணையில் நாயக்க மரபினர் ஏறினர். அப்போது பாக் ஐம்பத்து நான்கு வயதினர்.

கருவிகளின் கூட்டம்

பரோக் கருவிகளுள் முதலில் நிற்பது ஓர்கன். சிறிதும் பெரிதுமான குழாய்கள் நூற்றுக்கணக்கில், சில கோயில்களில் ஆயிரக்கணக்கில், நிரை நிரையாக நிற்கும். கொல்லன் துருத்தியைப் போன்ற பெரிய துருத்திகளை ஆட்கள் மிதித்துக் காற்றை ஊட்டுவர். வாசிப்பவர் இரு கைகளாலும் கட்டைகளை அழுத்துவதோடு, இரு கால்களாலும் கீழேயுள்ள மிதிகட்டைகளை இயக்குவார்.

அடுத்தது ஹார்ப்சிகோட். பார்வைக்குப் பியானோவை ஒக்கும். ஆனால் ஒலி பிறக்கும் முறை வேறு. பியானோவில் சிறு சுத்தியல் தந்தியை அடிக்கிறது. ஹார்ப்சிகோட்டிலோ, கட்டையை அழுத்தியவுடன் பறவையிறகின் தண்டிலிருந்து சீவிய ஒரு சிறு முள் தந்தியை மீட்டுகிறது. எனவே மெல்ல அழுத்தினாலும் வல்லென அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. அக்குறையை நிறைக்கவே இசைவாணர் பலவகை அசைவுகளையும் அணிகளையும் சேர்த்து வாசித்தனர்.

மூன்றாவது வயலின் குடும்பம். வயலின், வியோலா, செல்லோ என்பன இதிற் சேரும். இத்தாலியின் கிரெமோனா நகரிலே அமாத்தி குடும்பத்தாரும், 1737 இல் மறைந்த ஸ்திராதிவாரியும் இழைத்த வயலின்களுக்கு இன்றும் ஈடில்லை. அக்காலத்து வயலினுக்குத் தந்தியாக அமைந்தது ஆட்டுக் குடலை முறுக்கிய நரம்பு. வில்லில் பூட்டியது குதிரை வால் மயிர். இவற்றோடு மரக்குழல்கள், ஓபோ, துளையும் கட்டையும் இல்லாத நீண்ட எக்காளம், தோல் போர்த்த அண்டா வடிவ முரசுகள் ஆகியனவும் உண்டு.

இத்தனை கருவிகளையும் தாங்கி நிற்பது 'தொடர் அடிக்குரல்' என நாம் சொல்லத்தக்க ஓர் அமைப்பாகும். செல்லோ போன்ற ஒரு கருவி அடிக்குரலை வாசிக்க, ஹார்ப்சிகோட் அல்லது ஓர்கன் அதன்மேல் உரிய சுரக்கூட்டங்களை நிரப்பும். ஆசிரியர் அடிக்குரலை மட்டும் எழுதி அதன்மேற் சில இலக்கங்களை இடுவார். எந்தச் சுரங்களை எவ்வாறு பரப்பி வாசிப்பது என்பது வாசிப்பவரின் கற்பனைக்கு விடப்பட்டது. மேனாட்டார் எழுதியதை எழுதியவாறே வாசிப்பவர், நாமே மனோதர்மத்துக்கு உரியவர் என்று எண்ணியிருப்போர் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நலம்.

ஓர் ஆசிரியரின் வாழ்வு

1685 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐசெனாக் என்னும் சிற்றூரில் பாக் பிறந்தார். அவர் குலம் தலைமுறை தலைமுறையாக இசையைத் தொழிலாகக் கொண்ட குலம். அவ்வட்டாரத்தில் சில ஊர்களிலே ஊர் இசைக்காரரை எல்லாம் 'பாக்குகள்' என்றே அழைக்கும் அளவுக்கு அக்குடும்பம் பரந்திருந்தது. பத்து வயது நிறையுமுன் தாயும் தந்தையும் மறைந்தனர். மூத்த தமையன் வீட்டிலே வளர்ந்தார். தமையன் பூட்டி வைத்திருந்த இசைச் சுவடியை அலமாரிக் கம்பியினூடாக இழுத்தெடுத்து, நிலா வெளிச்சத்தில் ஆறு மாத காலம் படியெடுத்தார் என்று அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த வாழ்க்கைக் குறிப்பு கூறுகிறது.

இருபது வயதில், புக்ஸ்தெகூடு என்னும் முதிய ஓர்கன் வித்துவானைக் கேட்பதற்காக ஏறத்தாழ 400 கிலோமீற்றர் நடந்தே லூபெக் நகருக்குச் சென்றார். நான்கு வாரம் விடுமுறை பெற்றுச் சென்றவர் நான்கு மாதமளவில் திரும்பினார். மேலாளரின் கண்டனத்துக்கும் ஆளானார். 1717 இல் வேறு பதவிக்குப் போக விடை தருமாறு பிடிவாதமாகக் கேட்டமையால், வைமார்ப் பிரபு அவரை ஏறக்குறைய ஒரு மாதம் சிறையிலிட்டான். 1723 முதல் 1750 ஜூலை 28 ஆம் நாள் கண்ணொளி இழந்து மறையும் வரை, லைப்சிக் நகரின் புனித தோமையார் பாடசாலையில் இசையாசிரியராகப் பணியாற்றினார். ஞாயிறு தோறும் கோயிலுக்குப் புதிய இசை. வார நாட்களில் சிறுவர்க்குப் பயிற்சி. இடையிடையே நகரசபையாருடன் வழக்கு. இரு மனைவியரிடம் பிறந்த குழந்தைகள் இருபதின்மர். வளர்ந்து ஆளானவர் பதின்மரே. இவ்வளவு தொல்லைகளுக்கிடையே அவர் இயற்றியவற்றுள் இன்று கிடைப்பன ஆயிரத்துக்கு மேற்பட்டவை.

அவர் நகைச்சுவையும் அறிந்தவர். 1734 ஆம் ஆண்டளவில், கோப்பி குடிக்கும் பழக்கத்தை விடாத ஒரு மகளையும் அதனைத் தடுக்க முயன்று தோற்கும் ஒரு தந்தையையும் வைத்து ஓர் இசைக் கதையை அமைத்தார். லைப்சிக்கில் அவர் நடத்திய இசைக்குழு கூடிய இடமே ஒரு கோப்பிக் கடைதான். ஐரோப்பாவைப் பிடித்த அந்தக் கோப்பி மோகமே, நூறாண்டின் பின் நம் மலைகளில் காடழித்துக் கோப்பித் தோட்டங்கள் எழவும், நம் முன்னோர் கடல் கடந்து இங்கு வரவும் காரணமாயிற்று. 1869 இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது, மக்கள் தங்கினர்.

1730 ஆம் ஆண்டு பாக் தம் இளமை நண்பர் ஒருவர்க்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அதில் தம் வருவாயைக் கணக்கிட்டுக் காட்டுகிறார். சம்பளம் சொற்பம், மற்றவை சாவு வீடுகளிலும் திருமண வீடுகளிலும் கிடைக்கும் கட்டணமே. ஊரில் நல்ல காற்று வீசி மக்கள் நோயின்றி இருந்துவிட்டால் சாவு குறைந்து தம் வருவாயும் குறைகிறதென்றும், முந்திய ஆண்டு அவ்வாறு நூறு தாலருக்கு மேல் இழந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். உலகம் வியக்கும் இசைப் பேரறிஞர் சாவு வீட்டுக் கூலியை எதிர்பார்த்துக் குடும்பம் நடத்தியவர். இதனை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டுகிறோம், பின்னர் பயன்படும்.

எளியோரின் ஆட்டங்கள்

பாக்கின் இசையில் ஒரு பெரும் பகுதி கோயிலுக்குரியது. மற்றொரு பகுதி 'கோவை' எனத்தக்கது. பல ஆட்ட இசைகளை வரிசையாகத் தொடுத்தது. தனி வயலினுக்கும் தனிச் செல்லோவுக்கும் ஹார்ப்சிகோட்டுக்கும் அவர் இத்தகைய கோவைகள் பல செய்தார். அவ்வாட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று ஆராய்ந்தால் வியப்பு உண்டாகிறது.

'சரபந்தா' என்ற ஆட்டம் அமெரிக்காவில் ஸ்பானியர் பிடித்த நாடுகளில் முதலில் காணப்பட்டுப் பின் ஸ்பெயினுக்கு வந்தது. அது மிகவும் இழிவானது, நாணமற்றது என்று கருதி, 1583 இல் ஸ்பானிய அரசு தடை விதித்தது. 'சக்கோனா' என்பதும் அதே கடல் கடந்து வந்தது. வேலைக்காரரும் அடிமைகளும் ஆடியதென்று மேலோர் ஏளனஞ் செய்தது. 'ஜிக்' என்பது பிரித்தானியத் தீவுகளின் நாட்டுப்புறத் துள்ளாட்டம். 'பூரே' பிரான்சின் ஓவெர்ன் மலைப்பகுதிக் குடியானவர்க்கு உரியதென்பர். 'கவொட்' என்ற ஆட்டத்தின் பெயரே, பிரான்சின் தென்கிழக்கில் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் வாழ்ந்த 'கவோ' என்னும் மலைவாசிகளின் பெயரிலிருந்து வந்தது.

இவை மெல்ல மெல்ல அரண்மனைகளுக்குள் புகுந்தன, வேகந் தணிந்தன, இலக்கணம் பெற்றன. பாக்கின் கைக்கு வந்தபோதோ வேறொரு பிறவியே எடுத்தன. தடை செய்யப்பட்ட சரபந்தா அவரிடத்தில் ஆழ்ந்த தியானம் போன்ற இசையாயிற்று. 1727 இல் அவர் இயற்றிய 'மத்தேயுவின் திருப்பாடுகள்' என்னும் பேரிசை, இயேசுவை அடக்கஞ் செய்தபின் அடியார் அழுதமர்ந்து பாடும் பாடலோடு முடிகிறது. அப்பாடலின் நடை சரபந்தாவின் நடையை ஒத்ததென்று இசையறிஞர் காட்டுகின்றனர். அடிமைகளின் சக்கோனாவோ, அவருடைய இரண்டாம் வயலின் கோவையின் இறுதியிலே, நான்கு அளவைகளே கொண்ட சிறியதோர் அடிப்படையின்மேல் கால்மணி நேரம் எழும்பி நிற்கும் கோபுரமாயிற்று. ஒரே ஒரு வயலின், பக்கவாத்தியம் எதுவுமின்றி, அத்தனையையும் கட்டி முடிக்கிறது.

மலைவாசிகளின் கவொட் அடைந்த பேறு இன்னும் பெரிது. 1977 ஆம் ஆண்டு அமெரிக்கர் 'வொயேஜர்' என்ற இரு விண்கலங்களை ஏவினர். வேற்றுலகத்தார் யாரேனும் கண்டெடுத்தால் மனிதகுலத்தை அறிந்து கொள்ளட்டும் என்று, 27 இசைத் துண்டுகள் பதிந்த பொன் முலாம் பூசிய இசைத்தட்டொன்றை ஒவ்வொன்றிலும் வைத்தனர். பாரத நாட்டிலிருந்து கேசர்பாய் கேர்க்கரின் பைரவி ராகப் பாடல் அதில் இடம்பெற்றது. பாக்குக்கு மூன்று இடங்கள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று மூன்றாம் வயலின் கோவையிலுள்ள கவொட். பேரறியாத மலைச்சாரல் மக்கள் காலால் மிதித்து ஆடிய தாளம், ஒரு பாடசாலை ஆசிரியரின் கையால் எழுதப்பட்டு, இன்று கதிரவ மண்டலத்தின் எல்லையையும் கடந்து சென்று கொண்டிருக்கிறது.

வகுப்பறையில் ஒரு தாளம்

நாம் ஒருமுறை மாணவர்க்கு முதலாம் செல்லோக் கோவையின் ஜிக் ஆட்டத்தைக் கைத்தொலைபேசியில் ஒலிக்கச் செய்தோம். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மேசையின் ஓரத்தில் இரு விரல்களால் மெல்லத் தட்டத் தொடங்கினான். தாளம் பிசகவில்லை.

"என்ன தம்பி, முன்பே கேட்டிருக்கிறீரா?" என்றோம்.

"இல்ல சேர். எங்க தோட்டத்துல சாமி தூக்கயில அடிக்கிற அடி மாதிரி இருக்கு. மூணு மூணா வருது."

"யார் அடிப்பார்?"

அவன் இருபுறமும் பார்த்தான். "தெரிஞ்சவங்க சேர்" என்று கூறித் தலை கவிழ்ந்தான். பாடம் முடிந்து மற்றவர் வெளியேறிய பின் தயங்கி நின்று, "எங்க தாத்தாதான் சேர்" என்றான்.

அவன் கூறிய இசைக் கணக்கு முற்றிலும் சரியானது. ஜிக் ஆட்டம் மும்மூன்றாக நடப்பது. நம் இலக்கணப்படி திசிர நடை. அதனைக் கண்டுபிடித்த செவியை அவனுக்குத் தந்தவர் அவன் தாத்தா. அந்தத் தாத்தாவின் பெயரை வகுப்பில் எடுத்துச் சொல்ல அப்பிள்ளையால் முடியவில்லை. நாம் இக்கட்டுரையை எழுதுவதற்கு உண்மைக் காரணம் இதுவே.

வயலினுக்கு ஒரு நீதி

பரோக் காலத்து வயலின் நம் சங்கீதத்துக்கு வந்த கதையை நோக்குக. 1706 ஆம் ஆண்டு ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கு, பாக் பிறந்த அதே 1685 இல் ஹாண்டெல் என்ற மற்றோர் இசைமேதை பிறந்த ஹாலே நகரிற் கற்றவர். அவரும் அவருடன் வந்தோரும் ஜேர்மானியக் கோயிற் பாடல்களின் மெட்டுக்களில் தமிழ்ச் சொற்களை அமைத்துப் பாடுவித்தனர். பாக் தம் கோயிலிசைக்கு ஆதாரமாகக் கொண்டதும் அம்மரபுப் பாடல்களையே. பின்னர் சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் வாத்தியக் குழு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளவல் பாலுசுவாமி தீட்சிதர், ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றார். தீட்சிதரோ மேனாட்டு மெட்டுக்களுக்கு வடமொழிச் சாகித்தியம் செய்து 'நோட்டுசுவரம்' என்ற வகையை உண்டாக்கினார். தஞ்சை வடிவேலு வயலினில் தேர்ந்து, திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளிடமிருந்து 1834 இல் தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார்.

அந்நியக் கருவியென்று எவரும் ஒதுக்கவில்லை. நின்று தோளில் வைத்து வாசிப்பதை, நிலத்தில் அமர்ந்து தலைப்பகுதியைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பதாக மாற்றினோம். சுருதி கூட்டும் முறையைச் சட்ஜம், பஞ்சமம், மீண்டும் சட்ஜம், பஞ்சமம் என்று நமக்கேற்ப அமைத்துக் கொண்டோம். கமகத்துக்கு அது இசைந்தது. இன்று அஃதின்றிக் கச்சேரி இல்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் தம் பிள்ளை வயலின் பயில்கிறது என்று கூறப் பெற்றோர் பெருமை கொள்கின்றனர். கொள்ளத்தான் வேண்டும்.

கடல் கடந்து வந்த அந்நியக் கருவிக்கு ஆசனம் அளித்த நாம், நம் பாட்டன்மாரோடு கடல் கடந்து வந்த தப்புக்கு என்ன அளித்தோம்?

தப்பின் நிலை

தப்பு எளிய கருவி. மரத்தாலான வட்டச் சட்டத்தில் மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியது. வாசிக்குமுன் தீயிற் காய்ச்சித் தோலை விறைப்பாக்குவர். குட்டையான தடித்த குச்சி ஒன்றும், நீண்ட மெல்லிய குச்சி ஒன்றும் இரு கைகளுக்கு. தோளில் மாட்டி, நடந்தும் ஆடியும் வாசிப்பர். முற்காலத்திற் பல தோட்டங்களில் விடியுமுன் தொழிலாளரைப் பெரட்டுக்கு எழுப்பியது தப்பொலியே. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது, மன்மதன் எரிவதும் இரதி புலம்புவதும் மன்மதன் மீண்டு எழுவதும் தப்பின் அடிகள் மாறுவதாலேயே நமக்கு உணர்த்தப்படுகின்றன. அம்மனை அழைக்க ஓர் அடி, ஊர்வலத்துக்கு ஓர் அடி, மணவீட்டுக்கு ஓர் அடி, இறந்தோரை வழியனுப்ப ஓர் அடி என அதற்குத் தனி இலக்கணமே உண்டு. உருமியும் உடன் சேருமாயின் மலைச்சரிவு முழுதும் அதிரும்.

இதன் பழைமையோ பெரிது. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களை எண்ணும்போது யாழோடு பறையையும் சேர்த்தே எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்று மாணவர் மனனஞ் செய்து பரீட்சையில் எழுதுகின்றனர். அவர்கள் வாழ்வதும் மலையும் மலை சார்ந்த நிலமுமே. ஏட்டிலுள்ள பறைக்குப் புள்ளி தருகிறோம். எதிரே ஒலிக்கும் பறையைக் கண்டு முகஞ் சுளிக்கிறோம்.

தப்பை ஒதுக்குவோர் கூறும் காரணங்கள் மூன்று. தோற்கருவி, ஆதலால் தீட்டு என்பது ஒன்று. மிருதங்கமும் தவிலும் தோல் போர்த்தவையல்லவா? ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் எருமைத் தோலும் சேர்ந்தே மிருதங்கத்துக்கு நாதம் தருகின்றன. பாக்கின் வயலின் பாடியதும் ஆட்டுக் குடலிலே. அவர் 1734 இல் இயற்றிய கிறிஸ்து பிறப்புப் பேரிசை, தனி முரசின் ஒலியோடுதான் கோயிலில் தொடங்குகிறது.

சாவு வீட்டில் வாசிப்பது என்பது இரண்டாவது. சாவு வீட்டுக் கட்டணம் குறைந்ததென்று பாக் எழுதிய கடிதத்தை நேயர்கள் நினைவுகூர்க. துயருற்றோர் வீட்டுக்குச் சென்று துணை நிற்கும் கலை எவ்வாறு இழிந்ததாகும்?

மூன்றாவது காரணமே உண்மைக் காரணம். அதனை வாய்விட்டுக் கூறுவாரில்லை. தப்பு ஒரு குலத்தார்க்கே உரியதென்று ஒதுக்கி, விரும்பினும் விரும்பாவிடினும் அவர்களே அடிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தி, அடித்தபின் அவர்களையே தாழ்வாக நடத்திய வழக்கம் அது. ஆகையால் அக்குடும்பத்துப் பிள்ளைகள் இன்று 'எங்களுக்குத் தப்பு வேண்டாம்' என்று கூறினால் அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. அவர்கள் வெறுப்பது இசையையன்று. அதனோடு பிணைத்த இழிவையே. அப்பிணைப்பை அறுக்க வேண்டியவர் தப்படிப்போர் அல்லர், மற்றையோராகிய நாமே. ஒரு குலத்துப் பிள்ளைக்கு மட்டும் தப்பைக் கொடுத்து மேடையில் ஏற்றுவதால் அஃது அறுபடாது. வேளாளர் வீட்டுப் பிள்ளையும் ஆசிரியர் வீட்டுப் பிள்ளையும் அதனைத் தோளில் மாட்டிக் கற்கும் நாளிலேயே அறுபடும்.

எழுதாதது அழியும்

பாக் மறைந்தபின் அவர் புகழும் மங்கியது. மத்தேயுவின் திருப்பாடுகளை உலகம் ஏறத்தாழ மறந்தேவிட்டது. 1829 இல் பெர்லின் நகரிலே, இருபது வயதான மெண்டெல்சன் என்னும் இளைஞர் அதனை மீண்டும் அரங்கேற்றிய பின்னரே பாக் மறுபிறப்பெடுத்தார். செல்லோக் கோவைகளின் பழைய பதிப்பொன்றைப் பார்சிலோனா நகரத்துக் கடையொன்றில், 1890 இல், பதின்மூன்று வயதுச் சிறுவரான கசால்ஸ் கண்டெடுத்தார். அதுவரை வெறும் கைப்பயிற்சியாக எண்ணப்பட்டவற்றை அவர் வாழ்நாள் முழுதும் வாசித்து உலகறியச் செய்தார். இவை நிகழ்ந்தமைக்குக் காரணம் ஏட்டில் எழுதப்பட்டிருந்தமையே. ஏடு சிதறிய பல கோயிலிசைகள் மீளவேயில்லை.

தப்பின் அடிகளுக்கு ஏடே இல்லை. முதியோர் கைகளிலும் காதுகளிலுமே அவை வாழ்கின்றன. சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் தோட்டங்களில் வழங்கிய பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலாக்கியமையால் அச்சொற்கள் பிழைத்தன. அச்சொற்களுக்கு அடியில் நின்ற தாளங்களைத் திரட்டும் வேலை நம் முன் இருக்கிறது. இளைஞர் கொழும்புக்கும் பிற நாடுகளுக்கும் தொழில் தேடிச் செல்கின்றனர். முதியோர் ஒவ்வொருவராக மறைகின்றனர். 2023 ஆம் ஆண்டு, மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறாண்டு நிறைந்தமையை முன்னிட்டு, முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அன்பர்கள் நடந்தனர். அம்முன்னோர் கொண்டு வந்தவற்றுள் இன்னும் உயிரோடிருப்பது எது என்று எண்ணிப் பார்ப்பின், தப்பொலி முதலில் நினைவுக்கு வரும்.

மாணவ நண்பர்க்கு ஒரு சிறு வேலை தருகிறோம். உங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் முதியவரிடம் மரியாதையோடு சென்று, "ஐயா, உங்களுக்குத் தெரிந்த அடிகளை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்" என்று கேளுங்கள். ஒவ்வோர் அடிக்கும் அவர் வழங்கும் பெயரையும், அஃது எந்த வேளைக்கு உரியதென்பதையும், யாரிடம் கற்றார் என்பதையும் குறித்துக் கொள்ளுங்கள். அவர் இசைவு பெற்றுக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். மிருதங்கம் பயில்வோர் அதனைச் சொற்கட்டாக எழுதிப் பாருங்கள். எங்கே திசிரம், எங்கே சதுசிரம் என்று கண்டுபிடியுங்கள். வீட்டுக்கு அழைத்தால் உள்ளே அழைத்து, கதிரை கொடுத்து, மற்றையோர்க்குத் தரும் கோப்பையிலேயே தேநீர் கொடுங்கள். கலைவிழாக் குழுவில் இருக்கும் ஆசிரிய அன்பர்கள், வயலினுக்கு ஒதுக்கும் நேரத்திற் பாதியையேனும் தப்புக்கு ஒதுக்குவார்களாக. அதனை எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பயிற்றுவார்களாக.

பாக்கைக் கேட்க விரும்புவோர் முதலில் மூன்றாம் வயலின் கோவையின் கவொட்டையும், பின்னர் முதலாம் செல்லோக் கோவையையும் கேட்கலாம். செவி பழகியபின் இரண்டாம் வயலின் கோவையின் சக்கோனாவுக்குச் செல்லலாம். கண்ணை மூடிக் கேட்குங்கால், வில்லின் இழைவுக்கு அடியிலே ஆடுவோரின் கால்கள் மிதிக்கும் ஓசை கேட்கிறதா என்று கவனியுங்கள். அவர்களுள் எவர் பெயரும் எந்த நூலிலும் இல்லை. நம் தோட்டத்துப் பெரியவர்களின் பெயர்களையாவது நாம் எழுதி வைப்போமாக.